ரெஃப்ரியின் இடது கை

கூடப் பிறந்தவர் என்று ஒருத்தரும் இல்லாத அவளுக்கு, டயாலிசிஸ் பிரிவில் விழுந்த பெயர் சித்தி. அக்கா இருந்தால்தானே அக்கா பிள்ளை, அக்கா பிள்ளை இருந்தால்தானே சித்தி என்ற கணக்கையெல்லாம் அங்கே யாரும் போட்டுப் பார்க்கவில்லை. எப்போதோ ஒரு நோயாளி பிரஷர் இறங்கி மயங்கும்போது, பக்கத்தில் நின்றவளைத் தன் சொந்தச் சித்தி என்று நினைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வைத்தார். மயக்கம் தெளிந்து அவர் மறந்துவிட்டார். பிரிவு மறக்கவில்லை. பதினொரு பெட், ஒன்பது நர்ஸ், ஒரு டாக்டர், தரை துடைக்கிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் சித்தி. அவளைவிட இருபது வயது மூத்த கிழவர்கள்கூடக் கூச்சமே இல்லாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் என்று ஒன்று நடந்தது. வந்த வேகத்திலேயே போய்ச் சேர்ந்தது. அதைப்பற்றி அவள் பேசியதில்லை, கேட்டவர்களும் இல்லை. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் காலையில் வைத்த டம்ளர் காலையில் வைத்த இடத்திலேயே இருக்கும், ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது. அம்மா இருந்தவரை டம்ளர்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அம்மா போய் நாலு வருடம். இப்போது வீட்டில் வாய் திறந்து பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாது.

பேச ஆள் வேண்டுமென்றால் வேலைக்குத்தான் வர வேண்டும். வேலையில் அவள் ராணி.

கிட்னி கெட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் அலசி, திரும்ப உள்ளே விடுவதுதான் டயாலிசிஸ். அதற்குத் தோதாகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஆபரேஷன் செய்து ஒன்றாக இணைத்து வைப்பார்கள். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. நாளாக ஆகக் குழாய் பருத்து, தொட்டால் பூனை உறுமுவதுபோல் உள்ளே அதிரும். வாரம் மூன்று நாள் அதில் இரண்டு ஊசி போட வேண்டும். ஊசி என்றால் காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி இல்லை, கோணி தைக்கிற ஊசிக்குத் தம்பி. குழாய்க்குள் சரியாகப் போனால் நாலு மணி நேரம் நிம்மதி. சுவரைக் கிழித்துக்கொண்டு போனால் கை பலாக்காய் மாதிரி வீங்கும். கிழிந்த குழாய் சில சமயம் அப்படியே அடைத்துப் போகும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன், இன்னொரு இடம். மனிதனுக்கு இருப்பது இரண்டு கை.

சித்தி குழாயைக் கண்ணால் தேட மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் அழுத்தி அழுத்திப் போவாள். ஓரிடத்தில் விரல் நிற்கும். "இங்கதான் இருக்கான்" என்பாள். இருப்பான்.

ஏழாம் பெட்டுக்காரர் ரெஃப்ரி. அறுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியவர். பெரிய ஆட்டமெல்லாம் இல்லை. இந்தத் தெரு அணிக்கும் அந்தத் தெரு அணிக்கும் நடக்கிற ஆட்டங்கள்தான். ஆனால் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியவரைப்போலத்தான் உட்கார்ந்திருப்பார். மனைவி இறந்துவிட்டார். மகள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தாள். வாடகை வண்டியில் தனியாக வந்து தனியாகப் போவார். சட்டைப் பையில் ஒரு மஞ்சள் அட்டையும் ஒரு சிவப்பு அட்டையும் எப்போதும் இருக்கும்.

ஊசி முதல் தடவை தப்பினால் மஞ்சள். இரண்டாம் தடவை தப்பினால் சிவப்பு. அந்த நர்ஸ் அந்த நிமிடமே பெட்டை விட்டு வெளியேற வேண்டும், அப்பீல் கிடையாது. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவருடைய இடது கைக் குழாய் ஆழத்தில் ஓடுகிற குழாய், நடுவில் ஒரு வளைவு வேறு, அதனால் வேடிக்கைக்கு நிறைய வேலை இருந்தது. எட்டு நர்ஸும் சிவப்பு வாங்கியவர்கள். டாக்டர் ஒருமுறை தன் படிப்பை நம்பிக் களத்தில் இறங்கி நாலே நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். மூன்று வருடமாக ஒரு மஞ்சள்கூட வாங்காத ஆள் சித்தி மட்டும்தான்.

திங்கள், புதன், வெள்ளி காலை ஷிஃப்டில் அவள் லீவ் போட்டதில்லை. பார்க்கிறவர்கள் கடமையுணர்ச்சி என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. உண்மை வேறு. ஒரு நாள் பஸ் தாமதமாகி அவள் மூச்சிரைக்க உள்ளே வந்தபோது ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் லேட்டு சித்தி, எக்ஸ்ட்ரா டைம்ல கழிச்சுக்கறேன்" என்றார். கையைக் கழுவிக்கொண்டே அவள் யோசித்துப் பார்த்தாள். தான் இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததைக் கவனிக்க உலகத்தில் இந்த ஒரு கிழவரை விட்டால் யாரும் இல்லை. சோப்பு போட்ட கையையே திரும்பவும் சோப்பு போட்டுக் கழுவினாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்கேன் மெஷின் வந்து சேர்ந்தது.

பெரிய மெஷின் இல்லை, சக்கரம் வைத்த தண்டு, மேலே சின்னத் திரை, ஒயரில் தொங்குகிற ஒரு கட்டை. கையில் ஜெல்லைத் தடவி அந்தக் கட்டையை வைத்தால் தோலுக்குக் கீழே இருப்பதெல்லாம் திரையில் சாம்பல் நிறத்தில் தெரியும். ரத்தக் குழாய் மட்டும் கறுப்பு வட்டமாக நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதையும் அதுவே சொல்லிவிடும். கற்றுக்கொடுக்க ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். சித்தி கடைசி வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். நீச்சல் தெரிந்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து டியூப் விற்றால் அவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவள் முகம். அந்த ஆள் ஏதோ ஒன்றை இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒருவன் பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக் கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை.

மெஷினோடு நன்றாக ஒட்டிக்கொண்டவள், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற நர்ஸ். இருபத்துநாலு வயது, வேலைக்கு வந்து எட்டு மாதம். வாசல் நிலையில் வாரம் ஒருமுறை நெற்றியை இடித்துக்கொள்வாள், இடித்த நிலையிடம் சாரி சொல்வாள். திரையைப் பார்த்துக்கொண்டே அவள் போடுகிற ஊசி பத்துக்கு ஒன்பது சரியாகப் போனது.

இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்கேன் பார்த்து ஒரு கை வரைபடம் தயாரிக்க வேண்டும். குழாய் எங்கே ஓடுகிறது, எங்கே வளைகிறது, எத்தனை ஆழம் என்று எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். அதைப் பார்த்து எந்த நர்ஸும் ஊசி போடலாம். யாருடைய கையும் யாருக்கும் சொந்தமில்லை என்றார் இன்சார்ஜ். பொதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பத்துப் பேருக்கு வரைபடம் தயாரானது. ஏழாம் பெட்டுக்கு ஆகவில்லை. இன்றைக்கு ஜெல் தீர்ந்துவிட்டது என்றாள் சித்தி. அப்புறம் அவருக்குக் குளிர்கிறது என்றாள். அப்புறம் பேனா எழுதவில்லை. கடைசியில் இன்சார்ஜே பேனாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கட்டையை ரெஃப்ரியின் கையில் வைத்தாள், திரையில் வந்த எண்ணைப் பார்த்தாள், தாளில் ஒரு கையை வரைந்து கோட்டைப் போட்டாள், ஆழம் நாலு மில்லிமீட்டர் என்று எழுதினாள். கோடு அழகாகவே வந்தது.

"என்ன சித்தி, என்னைப் படமா வரைஞ்சு மாட்டப் போறீங்களா?" என்று கேட்டார் ரெஃப்ரி.

"கோப்புலதான்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து உடுத்திக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைகூடப் போய்விட்டாள். இருமிக்கொண்டு இந்தப் பக்கம் வராதே, இங்கே இருப்பவர்களுக்குத் தாங்கிக்கொள்ள உடம்பில் தெம்பு கிடையாது என்று இன்சார்ஜ் போனில் திருப்பி அனுப்பிவிட்டார்.

மதியம் போன் வந்தது. தரை துடைக்கிற அம்மாதான், நடந்ததை நடந்த வேகத்திலேயே சொன்னார். ஏழாம் பெட்டுக்கு நெட்டை போயிருக்கிறாள். ஸ்கேன் மெஷின் அன்றைக்கு ஐசியூவுக்கு இரவல் போயிருந்ததால் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊசி போட்டிருக்கிறாள். கிடைக்கவில்லை. ஊசியை உள்ளேயே திருப்பித் தேடியிருக்கிறாள். இரண்டாவது ஊசியில் கை வீங்கிவிட்டது. ரெஃப்ரி சிவப்பு அட்டையை எடுத்து நீட்டிவிட்டு, டயாலிசிஸே வேண்டாம் என்று வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். இன்சார்ஜ் எவ்வளவோ கெஞ்சினார், டாக்டர் மிரட்டினார். சித்தி வந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று ஒரே பேச்சாகப் பேசிவிட்டுப் போனாராம்.

போனை வைத்தபோது சித்தியின் நெஞ்சில் முதலில் வந்தது பயமில்லை. சின்னதாக, கதகதப்பாக ஒன்று வந்தது. வெளியில் சொல்ல முடியாத ஒன்று. ஒரு மனிதர் தனக்காக உயிரையே பணயம் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சலோடு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

திங்கட்கிழமை செய்த டயாலிசிஸ். இனி வெள்ளிவரை அந்த உடம்பில் சேர்கிற தண்ணீர் எங்கே போகும்? நுரையீரலுக்குப் போகும். சித்தி அவருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுநாள் நாலு தடவை செய்தாள். நாலாவது தடவை எடுத்து, "கேப்டன் இல்லாத டீமுக்கு ஆட்டம் எதுக்கு?" என்றார். ஐந்து வார்த்தைக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் அதிகமாகக் குடிக்கக் கூடாது, மூச்சு முட்டினால் ராத்திரியானாலும் வந்துவிட வேண்டும், தான் வெள்ளிக்கிழமை கட்டாயம் இருப்பேன் என்று சத்தியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது. இடது கை முழங்கைக்கு மேல் கத்தரிக்காய் நிறம். இன்சார்ஜ் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ரெஃப்ரி அவரிடம் தன் தீர்ப்பைச் சொன்னார்: அந்த நெட்டைப் பெண் இனி என் கண்ணில் படக்கூடாது. இன்சார்ஜ் தலையை ஆட்டினார். திங்கட்கிழமையிலிருந்து அவளைப் பொது வார்டுக்கு மாற்ற எழுதியாகிவிட்டது என்றார். நெட்டை மருந்து வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்த உயரத்துக்கு மருந்து வண்டி மறைப்பு போதவில்லை. கழுத்துக்கு மேல் முழுவதும் தெரிந்தது.

"வாங்க கேப்டன்" என்றார் ரெஃப்ரி, சித்தியைப் பார்த்து. முகம் வீங்கியிருந்தாலும் சிரிப்பு வந்தது.

வீங்கிய இடத்தில் குத்த முடியாது, மேலே நல்ல இடம் பார்க்க வேண்டும். விரலை வைத்தால் நீர் கோத்த சதையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. வேறு வழியில்லாமல் சித்தி ஸ்கேன் மெஷினை இழுத்தாள். கட்டையை வைத்தாள். திரையில் குழாய் நசுங்கிய இலை மாதிரி தெரிந்தது. ஆழம் நாலு.

நெட்டை எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "சித்தி, கையைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றாள்.

சித்தி தளர்த்தினாள். கட்டை தோலின்மேல் சும்மா உட்கார்ந்தது. திரையில் இலை மெல்ல உப்பி வட்டமானது. வட்டமாகிக்கொண்டே கீழே இறங்கியது. ஆறரையில் போய் நின்றது.

அவள் திரும்ப அழுத்தினாள். நாலு. விட்டாள். ஆறரை.

வகுப்பில் அந்த மனிதர் இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். அழுத்தினால் சதை நசுங்கும், குழாய் மேலே இருப்பதுபோல் பொய் சொல்லும். இருபத்தைந்து வருடம் அழுத்தி அழுத்தியே பழகிய கை. அந்தக் கை எழுதிக் கொடுத்த நாலை நம்பி நெட்டை ஊசியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். ஊசி குழாய்க்கு மேலேயே ஓடியிருக்கிறது.

நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. திரையில் கண்டது நெட்டைக்கும் தெரியும். அவள் சொல்லப் போவதில்லை என்பதும் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் முடிந்தது. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஆறரை என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? திங்கள், புதன், வெள்ளி, கேப்டன், கைக்கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு பெண் பொது வார்டுக்குப் போவாள், அவ்வளவுதான். அங்கேயும் சம்பளம் உண்டு, அங்கேயும் இடித்துக்கொள்ள வாசல் நிலை உண்டு.

இதைவிட மோசமான ஒரு கேள்வி அதற்குள் எழுந்துவிட்டது. கை தெரியாமல்தான் அழுத்தியதா? பேனா எழுதவில்லை என்று சொன்ன கைதானே அதுவும்?

கட்டையைத் துடைத்து மாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ரெஃப்ரியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காருவது அவர் கைக்கு நேரே.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "புதன்கிழமை கை வீங்கினது அந்தப் பொண்ணால இல்ல. படத்துல ஆழத்தை நான் தப்பா எழுதிட்டேன். கட்டையை அழுத்திப் பிடிச்சுட்டேன். உங்க குழாய் ஆறரை. நான் நாலுன்னு எழுதினேன். அவ நான் எழுதினதை நம்பித்தான் போட்டா."

இன்சார்ஜ் திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் பெட்டுக்காரர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

ரெஃப்ரி வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்தார். "அழுத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லிக் கொடுத்தாங்க. நான் கேக்கல."

"ஏன்?"

பைக் ஸ்டார்ட் ஆகாததைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவா முடியும்? "எனக்கு அது வேண்டாம்னு நெனச்சேன்" என்றாள். அது பைக்கைவிட உண்மை. "படம் இருந்தா உங்களுக்கு யாரு வேணும்னாலும் ஊசி போடலாமே. அது எனக்குப் பிடிக்கல."

அவருடைய வலது கை சட்டைப் பைக்குப் போனது. சித்தி சிவப்பைத்தான் எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். அட்டை வந்தால் எழுந்து போய்விடலாம், அதற்கு ஒரு முறை இருக்கிறது, பின்னால் ஒரு நாள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்யலாம். கை பைக்குள் போனது, அங்கேயே கொஞ்சம் இருந்தது, வெறுமனே வெளியே வந்தது.

"சரிங்க சிஸ்டர்" என்றார்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் அவளைச் சிஸ்டர் என்று கூப்பிட்டார். பதினொரு பெட்டில் யாருக்கும் அது பெரிதாகப் பட்டிருக்காது. மரியாதையான வார்த்தைதான்.

பிறகு அவர், நெட்டை திரும்பப் போய் நின்றிருந்த மருந்து வண்டிப் பக்கம் பார்த்தார். "நீ வாம்மா. அந்த டிவியைப் பாத்துக்கிட்டே போடு. மூச்சு முட்டுது, சீக்கிரம்."

நெட்டை வந்தாள். கட்டையை ஒரு கையிலும் ஊசியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு திருப்பம் இருக்கு, வெளிப்பக்கமா, அங்க மட்டும் நிதானம் என்று சித்தி சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டூலை அவளிடம் தள்ளினாள்.

இன்சார்ஜ் ஒரு ஃபாரத்தை நீட்டினார். தவறு நடந்தால் நிரப்புகிற ஃபாரம். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது. நெட்டையை மாற்ற எழுதிய தாள் மேசையில் இருந்ததை எடுத்து நாலாக மடித்தார். சித்தி ஜன்னல் திண்டில் ஃபாரத்தை வைத்து எழுதினாள். காரணம் என்ற இடத்தில், அதிகமாக அழுத்திப் பிடித்தேன் என்று எழுதினாள். இன்னும் இரண்டு வரி இடம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

அதற்குள் நெட்டை முடித்திருந்தாள். இரண்டு ஊசியும் ஒரே தடவையில். மெஷின் ஓட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அட்டவணையில் ஏழாம் பெட்டுக்கு நேரே நெட்டையின் பெயர் இருந்தது. சித்திக்குப் பதினொன்று. அங்கே படுத்திருப்பவர் காது கேட்காதவர், நாலு மணி நேரமும் தூங்குகிறவர். ஏழாம் பெட்டிலிருந்து பதினொன்று தெரியாது, நடுவில் தூண். அன்றைக்குப் பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஏழு நிமிடம் முன்னதாகவே உள்ளே போனாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

சாப்பாட்டு அறையில் நெட்டை எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்லியிருக்க வேண்டாம் சித்தி" என்றாள். "வார்டுக்குப் போனா போயிருப்பேன். எனக்கென்ன."

"சாப்பிடு" என்றாள் சித்தி. "ஆறிடும்."

நெட்டை ரெஃப்ரியைப்பற்றிச் சொல்லத் தொடங்கினாள்: மகள் அடுத்த மாதம் வருகிறாளாம், ஒரு ஆட்டத்தில் கோல் கம்பமே சாய்ந்து விழுந்த கதையைச் சொன்னாராம். அந்தக் கதையைச் சித்தி ஒன்பது தடவை கேட்டிருக்கிறாள். கம்பம் விழுந்ததும் கோல்கீப்பர் என்ன செய்தான் தெரியுமா என்று நெட்டை கேட்டபோது, தெரியாதவளைப்போல், "என்ன பண்ணான்?" என்றாள். நெட்டை சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சரியான இடத்தில் சித்தியும் சிரித்தாள்.

புதன்கிழமை காலை பதினொன்றாம் பெட்டில் அவள் ஊசி போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, மெஷினை ஓடவிட்டாள். தூணுக்கு அந்தப் பக்கம் நெட்டை ரெஃப்ரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. பேச்சு நின்றது. இப்போது ஊசி போகிறது. குழாயைத் தப்பினாலும் சுவரில் முட்டினாலும் மெஷின் ஓடத் தொடங்கிய அரை நிமிடத்துக்குள் அலாரம் கத்தும். பிரிவு முழுக்கக் கேட்கும். சித்தி தான் போட்ட ஊசியின்மேல் ஒட்டிய பிளாஸ்டரை இன்னொரு முறை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள். மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது. அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடமும் ஆயிற்று. அலாரம் அடிக்கவில்லை. தூங்குகிறவரின் போர்வை காலில் விலகியிருந்தது. அதை இழுத்து மூடினாள்.